வெண்பா (நிகழ்பட ஆட்டம்): அடுப்படி வேலையும் கதையும் – ஒரு திறனாய்வு

வெண்பா என்பது கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலை 31 அன்று வெளியிட்ட கதைவழி நிகழ்பட ஆட்டம் ஆகும். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாக இது சொல்கிறது. ஓட்டம், சண்டை, துப்பாக்கிச் சூடு எதுவும் இதில் இல்லை. இட்லி ஊற்றுவதும் புட்டு அவிப்பதும் பிரியாணிக்குத் தம் போடுவதும்தான் ஆட்டக்காரரின் வேலை.

வீட்டில் நாள்தோறும் நடக்கும் ஒரு வேலையைக் கதையின் நடுவே வைத்தால் என்ன கிடைக்கும், என்ன தவறிப்போகும் என்பதை இந்த ஆட்டத்தைக் கொண்டு ஆராயலாம். வெண்பா சமையலுக்குள் இருக்கும் அறிவை மதிக்கிறது. அதற்குள் இருக்கும் உழைப்பைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. அதன் நிறையும் குறையும் இந்த இரண்டில் அடங்கும்.

கதையும் அமைப்பும்

கதையில் முதன்மையானவர்கள் மூவர்: தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். மூன்றுமே தூய தமிழ்ப் பெயர்கள். வெண்பா யாப்பின் பெயர். பாவலன் பாட்டுக் கட்டுபவன். கவின் என்றால் அழகு. அயல்நாட்டில் மகன் தமிழிலிருந்து மெல்ல விலகும் கதைக்கு இப்படிப் பெயரிட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

ஆட்டம் பல இயல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் இயலும் குடும்பத்தின் வாழ்வில் ஒரு காலகட்டத்தையும் அதையொட்டிய சமையலையும் கொண்டிருக்கிறது. வெண்பாவின் தாயார் தந்த பழைய சமையல் குறிப்பேடு கையில் இருக்கிறது. அதன் தாள்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயிருக்கின்றன. எஞ்சிய வரிகளைக் கொண்டு விடுபட்ட படியை ஊகித்துச் சமைக்க வேண்டும். தவறினால் மீண்டும் செய்யலாம். மதிப்பெண்ணும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. சமைக்கும்போது பின்னணியில் வெவ்வேறு காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்த பாடல்கள் ஒலிக்கின்றன. முழு ஆட்டமும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

2024இல் இந்த ஆட்டம் இரு பெரிய விருதுகளைப் பெற்றது. ஒன்று, சுயாதீன ஆட்டங்களுக்கான விழாவில் வழங்கப்படும் சியூமாஸ் மெக்னலி பெரும் பரிசு. மற்றொன்று, சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுப்படியை உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் கையால் இயக்கிப் பார்த்தார்கள் என்பதே ஒரு புதிய நிகழ்வுதான்.

அன்றாட வேலை ஆட்டத்துக்குள் வந்த விதம்

நிகழ்பட ஆட்டங்களில் அன்றாட வேலை இடம்பெறுவது வெண்பாவுக்கு முன்பே தொடங்கியது. 1999இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ஷென்மூ சப்பானின் யோகொசுகா நகரில் நடக்கும் கதை. தந்தையைக் கொன்றவனைத் தேடும் இளைஞன் அதன் நாயகன். அவன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்கிறான். அதன் பிறகு ஆட்டக்காரர் நாள்தோறும் பாரந்தூக்கி வண்டி ஓட்டிப் பெட்டிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்ற வேண்டும். பழிவாங்கும் கதைக்கு நடுவே இது எதற்கு என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த ஆட்டத்தில் மறக்க முடியாத பகுதி அதுவே என்று சொன்னவர்களும் உண்டு.

2010இல் வந்த ஹெவி ரெயின் என்ற ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு தந்தை படுக்கையிலிருந்து எழுகிறார், முகம் மழிக்கிறார், குளிக்கிறார், சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கிறார், பிள்ளைகளோடு விளையாடுகிறார். ஒவ்வொன்றையும் ஆட்டக்காரரே செய்தாக வேண்டும். சிறிது நேரத்தில் மூத்த மகன் விபத்தில் இறந்துவிடுகிறான். வெறும் பொழுதுபோக்காகத் தோன்றிய அந்தக் காலைப்பொழுது, பறிபோன வாழ்வின் அளவுகோலாக அப்போது மாறுகிறது.

2021இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அன்பேக்கிங் இன்னும் எளிமையானது. வீடு மாறும் ஒரு பெண்ணின் பெட்டிகளைப் பிரித்துப் பொருள்களை அடுக்கி வைப்பது மட்டுமே அதில் வேலை. அவள் ஓர் ஆணோடு குடியேறும் கட்டத்தில் அந்த வீட்டில் அவள் பொருளுக்கு இடமே இருக்காது. அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவர் கிடைக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ள நேரும். அந்த உறவு எப்படி முடியும் என்பதை ஒரு சொல் வசனம் இல்லாமலே ஆட்டக்காரர் புரிந்துகொள்கிறார்.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஒரு பொதுவிதி கிடைக்கிறது. ஆட்டத்தில் வரும் சிறுவேலை, செய்து முடித்தபின் அந்த மனிதரைப் பற்றி நாம் அறிந்ததை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது வெறும் நேரக்கழிப்பு. இந்த அளவுகோலைக் கொண்டு வெண்பாவை நோக்கலாம்.

அழிந்த எழுத்தும் கைப்பக்குவமும்

முதல் இயலில் இட்லி. மாவு தயாராக இருக்கிறது. பானையில் நீர் வைத்து, தட்டுகளில் மாவை ஊற்றி அடுக்கி மூட வேண்டும். தட்டுகளை அடுக்கும் முறையில்தான் புதிர் இருக்கிறது. கீழ்த்தட்டின் குழிக்கு நேர் மேலே மேல்தட்டின் குழி வந்தால் உப்பும் இட்லி நசுங்கும். எனவே தட்டை மாற்றித் திருப்பி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இட்லி ஊற்றத் தெரிந்த எவரும் இதை யோசிப்பதில்லை, கை தானாகத் திருப்பி வைக்கும். தெரியாதவருக்கோ அது தீர்க்க வேண்டிய கணக்கு.

இங்கே ஆட்டம் ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறது. பழகியதால் கண்ணுக்குத் தெரியாமல் போன அறிவை மீண்டும் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கிறது. சமையல் படித்து வருவதில்லை, அது தன்னால் பெண்களுக்கு வந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. இட்லித் தட்டைத் தப்பாக அடுக்கித் தோற்றுப்போன ஆட்டக்காரர், அந்த எண்ணத்தைச் சற்று நேரமாவது தள்ளி வைப்பார். ஆவி எந்த வழியாக ஏறும், நீர் எவ்வளவு நிற்க வேண்டும், புட்டுக்குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் எந்த வரிசையில் விழ வேண்டும் என்பவை எல்லாம் இயற்பியல் பாடங்களே.

அழிந்த குறிப்பேடு என்ற உத்தியும் பொருத்தமானது. தமிழ் வீடுகளில் சமையல் அறிவு எழுத்தில் இருந்ததைவிடக் கையிலும் கண்ணிலும் இருந்ததே மிகுதி. 'கண் அளவு', 'கைப்பக்குவம்', 'வாசம் வரும்வரை வதக்கு' என்பவைதாம் அதன் அளவைகள். எழுதி வைத்த ஏட்டிலும் இவை முழுமையாக இருக்காது. கிழிந்த தாளிலுள்ள வெற்றிடம், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாத வெளிநாட்டு வாழ்வின் வெற்றிடமாகவும் ஆகிறது. பிற்பகுதியில் வளர்ந்த கவின் அதே ஏட்டைக் கையில் எடுக்கும்போது தடை இரட்டிப்பாகிறது. தாள் கிழிந்தது ஒரு பக்கம், அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராதது இன்னொரு பக்கம். மொழி இழப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேச வேண்டிய தேவை அங்கே எழவில்லை. சமைக்க முடியாமல் திணறுவதே அதைச் சொல்லிவிடுகிறது.

இதிலேயே ஒரு குறையும் உண்டு. புதிர் என்றால் அதற்கு ஒரே ஒரு சரியான விடை வேண்டும். கைப்பக்குவத்துக்கு ஒரே விடை கிடையாது. ஒரே தெருவில் நான்கு வீட்டு இரசம் நான்கு விதமாக இருக்கும். 'எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க' என்ற பெருமை அந்த வேறுபாட்டில்தான் பிறக்கிறது. ஆட்டக்காரர் உப்பைக் கூட்டவோ குறைக்கவோ, தன் வீட்டு முறையில் தாளிக்கவோ ஆட்டம் இடம் தரவில்லை. பாட்டி சொன்னதைச் சரியாகக் கண்டுபிடிப்பது உண்டு, அதை மாற்றிப் பார்ப்பது இல்லை. மரபு கைமாறும்போது மாறவும் செய்யும் என்ற பாதி உண்மை இதனால் விடுபடுகிறது.

உண்பவர் வராத விருந்து

அன்றாடச் சமையலைக் கதையின் உச்சமாக வைப்பது தமிழுக்குப் புதிதன்று. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாடல் இதற்குப் பழைய சான்று. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், தான் கண்டதை நற்றாயிடம் சொல்கிறாள். தயிரைப் பிசைந்த விரலை அவள் தன் உடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படுகிறது. தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆனாலும் அழுக்கான உடையையும் புகை படிந்த கண்ணையும் புலவர் விடவில்லை. வேலையின் தடம் உடம்பில் இருப்பதைக் காட்டிய பின்னரே மகிழ்ச்சியைக் காட்டுகிறார்.

வெண்பாவில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி உள்ளது. வீட்டை விட்டுப் போய் வெளியே வாழும் மகன் வருகிறான் என்று தாய் பல வகைக் குழம்பும் பொரியலுமாகப் பெரிய விருந்து சமைக்கிறாள். அத்தனையும் ஆட்டக்காரரே ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்த பின் மகன் வரவில்லை. உண்டு 'இனிது' என்று சொல்ல ஆள் இல்லை.

ஆட்டம் முழுவதிலும் மிக வலுவான இடம் இதுவே. காரணம் எளிது. ஒரு திரைப்படத்தில் இதே காட்சி வந்தால் பார்வையாளர் தாய்க்காக வருந்துவார். இங்கே சமைத்தது ஆட்டக்காரரின் கை. வீணானது அவருடைய உழைப்பும்தான். மேசைமேல் ஆறிக்கொண்டிருக்கும் சோற்றைப் பார்க்கும்போது வெண்பாவின் ஏமாற்றத்தில் ஒரு பங்கு அவரையும் சேர்கிறது. அன்றாட வேலை கதைசொல்லும் கருவியாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

விடுபட்ட வேலைகள்

அந்த விருந்துக் காட்சி உண்மையாக இருப்பதாலேயே, ஆட்டத்தில் காட்டப்படாத வேலைகள் கண்ணை உறுத்துகின்றன. அரிசி ஊறவைப்பது இல்லை, மாவரைப்பது இல்லை. பொருள்கள் பெரும்பாலும் பக்குவமாகக் கிண்ணங்களில் வந்து நிற்கின்றன. சமைத்தபின் பாத்திரம் கழுவுவது, அடுப்பைத் துடைப்பது, மிச்சத்தை எடுத்து வைப்பது ஆகியவை ஆட்டத்தின் வேலையாக ஆக்கப்படவில்லை. சமையலில் அழகான நடுப்பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது.

விடுபட்டது எவ்வளவு என்பதை அறிய ஒரு சின்ன வெங்காயம் போதும். சின்ன வெங்காயச் சாகுபடியில் தமிழ்நாட்டில் முன்னணியில் உள்ளது பெரம்பலூர் மாவட்டம். பாடாலூர், செட்டிகுளம் வட்டாரத்தில் வெங்காயம் பிடுங்கியபின் காய வைத்து, தாள் அரிந்து, மண் உதிர்த்து, பொடியும் தரமுமாகப் பிரித்து, காற்றோட்டமான பட்டறையில் சேமிப்பார்கள். நாள் முழுக்கக் குத்தவைத்துத் தாள் அரிபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வெங்காயம் வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். கால் கிலோ உரிக்கக் கண்ணும் எரியும், விரல்நகமும் கருக்கும். வாணலியில் விழுந்து அது வதங்கப் பிடிப்பதோ சில நிமிடம். ஆட்டம் காட்டுவது அந்தச் சில நிமிடத்தை மட்டுமே.

இது ஒரு நுணுக்கக் குறை மட்டும் இல்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தாம் அதில் ஈடுபடுகிறார்கள். பெண்களிலோ 81 பேர். வெண்பா வெளியான அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தமிழக அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் அத்திட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ஊதியம் கணக்கிடப்படாத வீட்டு உழைப்பை மதிப்பது. வீட்டு வேலை உழைப்பா, அன்பா என்ற கேள்வி பொதுவெளிக்கு வந்துவிட்ட காலத்தில் இந்த ஆட்டம் வெளிவந்திருக்கிறது. அது அன்பின் பக்கம் நின்று, உழைப்பின் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

தமிழிலக்கியம் இவ்விடத்தில் முன்னே போயிருக்கிறது. 1980களில், அதாவது வெண்பாவின் கதை தொடங்கும் அதே காலத்தில், அம்பை எழுதிய 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சமையலறையைப் பெண்ணின் அரசாகவும் சிறையாகவும் ஒருசேரக் காட்டியது. அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது, வெளிச்சம் உண்டா, சன்னல் எதை நோக்கித் திறக்கிறது என்றெல்லாம் அக்கதை கேட்டது. வெண்பாவின் அடுப்படி எப்போதும் வெளிச்சமாக இருக்கிறது. பளிச்சென்ற வண்ணங்களில் பாத்திரங்கள் மின்னுகின்றன.

திரும்பத் திரும்பச் செய்தல்

அன்றாட வேலையின் அடையாளம் அது அன்றாடம் வருவதுதான். இட்லியை ஒருமுறை ஊற்றுவது அனுபவம். முப்பது ஆண்டு ஊற்றுவது வாழ்க்கை. வெண்பாவில் இயலுக்கு இயல் சமையல் மாறிவிடுகிறது. கண்டுபிடித்த ஒரு புதிரை மறுபடி செய்ய வேண்டிய தேவை அநேகமாக எழுவதில்லை. அதனால் அலுப்பு வருவதில்லை. அலுப்பு வராததால் அந்த வேலையின் உண்மை எடையும் வருவதில்லை.

2021இல் ஜியோ பேபி இயக்கிய மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' இதற்கு மாறான வழியில் சென்றது. 2023இல் தமிழிலும் அது மறுஆக்கம் செய்யப்பட்டது. நறுக்குதல், அரைத்தல், பரிமாறுதல், எச்சில் துடைத்தல், ஒழுகும் கழிவுநீர்க் குழாய் என்று ஒரே வேலைகள் திரும்பத் திரும்பக் காட்டப்படுகின்றன. முதலில் பசியைத் தூண்டிய சமையல் காட்சிகள் போகப்போகப் பார்ப்பவரை மூச்சுத் திணறவைக்கின்றன. நாயகியின் முடிவை எந்த வசனமும் நியாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. திரும்ப வந்த காட்சிகளே அதைச் செய்தன.

திரைப்படத்தைவிட இக்கருவி ஆட்டத்துக்கு இன்னும் இயல்பானது. ஆட்டம் என்பதே ஒரு செயலைப் பலமுறை செய்வதுதானே. 2013இல் லூக்காஸ் போப் உருவாக்கிய பேப்பர்ஸ், ப்ளீஸ் இதைத் திறமையாகக் கையாண்டது. ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டைச் சரிபார்த்து முத்திரை குத்துவதே அதில் வேலை. நாள் முடிவில் வாடகை, உணவு, வீட்டுச் சூடு ஆகியவற்றுக்குச் சம்பளம் போதுமா என்று பார்க்க வேண்டும். நூறாவது தாளுக்கு வரும்போது எதிரே நிற்பவர் அழுதாலும் கை முத்திரையைத் தேடுகிறது. சலிப்பு மனிதரை என்ன செய்யும் என்பதை ஆட்டக்காரர் தன்னிடமே காண்கிறார்.

2017இல் வந்த வாட் ரிமெயின்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்சில் ஒரு பகுதி இன்னும் நுட்பமானது. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸ் என்ற இளைஞனின் ஒரு கை மீன் தலையை வெட்டிக்கொண்டே இருக்கிறது. மறு கையால் அவன் மனத்துக்குள் விரியும் கற்பனை நாட்டில் நடக்க வேண்டும். கற்பனை வளர்ந்து திரையை நிறைக்கும்போதும் மீன் வெட்டும் கை நிற்பதில்லை. வேலை செய்யும் உடம்பும் வேறெங்கோ அலையும் மனமும் ஒரே ஆளில் இருப்பதை இவ்வளவு நேரடியாக வேறு கலைவடிவம் உணர்த்துவது கடினம்.

வெண்பாவின் கதைக்கு இந்த உத்தி எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். முதல் இயலில் புதிராக வந்த இட்லி, ஐந்தாண்டு கழித்து, பத்தாண்டு கழித்து மறுபடி வந்திருக்கலாம். கை தானாகத் தட்டைத் திருப்பி வைக்கும்போது மனம் மகனின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருந்திருக்கலாம். ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை உரிக்கும் நேரத்துக்குள் ஒரு குடும்பத்தின் முழுக்கதையையும் பேசி முடிக்கலாம். நம் ஊர்த் திண்ணைகளில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மதிப்பீடு

வெண்பாவின் குறைகள் அதன் அளவோடும் நோக்கத்தோடும் தொடர்புடையவை. சிறு குழு உருவாக்கிய, ஒன்றரை மணி நேரத்தில் முடியும் ஆட்டம் அது. இட்லியைக் கண்டிராதவருக்கும் புரிய வேண்டும், சமைக்கத் தெரியாதவரையும் ஈர்க்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இருந்தது. அதற்குக் கொடுத்த விலைதான் கழுவப்படாத பாத்திரமும் உரிக்கப்படாத வெங்காயமும்.

பிறவற்றோடு ஒப்பிட்டால் அதன் சாதனை பெரிது. தமிழ்ப் பெயரும் தமிழ் உணவும் அலங்காரத்துக்காக ஒட்டப்படாமல், கதை நகர்வதற்கே காரணமாக இருக்கும்படி அது அமைந்திருக்கிறது. வெண்பாவின் கையும் பாவலனின் பொறுமையும் கவினின் தயக்கமும் சமையல் வழியாகவே விளங்குகின்றன. இறுதியில் தாய் தமிழகம் திரும்பியபின் மகன் அவளுடைய அடுப்படிக்கே வந்து நிற்கும்போது, அவன் இழந்தது ஒரு சுவையை மட்டும் அன்று, அதைச் செய்யத் தெரிந்த கையின் அருகாமையையும் என்பது புரிகிறது.

பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியில் ஆடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்ளும் பெற்றோர், இந்த ஓர் ஆட்டத்தை அவர்களோடு உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம். இட்லித் தட்டு எப்படி அடுக்குவது என்ற இடத்தில் பெரியவரே ஆசிரியர் ஆவார். ஆட்டம் முடிந்ததும் மாவு யார் அரைத்தது, பாத்திரம் யார் கழுவியது என்று பிள்ளை கேட்டால் அந்த ஆட்டம் தன்னால் காட்ட முடியாததையும் கற்றுத் தந்துவிட்டது எனலாம்.